ஒற்றைப்புரிக் கயிற்றில் அப்பா

"அப்பா, கொஞ்சம் எழுந்திருங்க."

போவதற்குள் இதைக் கேட்டுவிடு என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டுவிட்டாள், அதுவும் முதல் மாடித் தையல்கார அக்காவின் கூடத்தில் நின்றுகொண்டு. அவர்கள் வீடு இரண்டாம் மாடியில். அங்கே கூரைக் கொக்கியில் அவள் தொங்கவிட்ட நாற்காலி, அப்பாவையும் சுமந்துகொண்டு தரையைக் கடந்து முதல் மாடிக்கு இறங்கி வந்து ஓர் ஆண்டு ஆகியிருந்தது. தரையில் விரிசல் இல்லை. தளக்கல் தண்ணீர் மாதிரி விலகி, அவர் தலை போனதும் மூடிக்கொண்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். சுண்ணாம்பு உதிரவில்லை என்பதால் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

குற்றம் கயிற்றுடையது அல்ல, அதைத் தேர்ந்தெடுத்தவளுடையது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் அவள். படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். அதனால் விளக்கு எரியாவிட்டாலும், மாமாவுக்கு மூட்டு வலித்தாலும், "படிச்சவ நீ சொல்லு" என்று அவளிடம்தான் வருவார்கள். அவளும் ஒருநாளும் தெரியாது என்று சொன்னதில்லை. மேக்ரமே என்கிற கயிற்று முடிச்சு அலங்காரம் செய்கிறவர்களுக்காக ஃபோனில் ஒரு பக்கம் நடத்தினாள். பாடம் எடுக்கும்போது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "ஆள் உக்கார்றதா, பின்னல் கயிறு. பூத்தொட்டியா, முப்புரி முறுக்கு. ஒற்றைப்புரி பஞ்சுக் கயிறு சுவத்துல மாட்டுற அழகுக்கு மட்டும்தான். எடை போட்டா நீளும். இதுகூடத் தெரியாம எதுக்கு முடிச்சுப் போட வர்றீங்க?" இப்படி ஊரையே திட்டியவள், அப்பாவின் நாற்காலிக்கு ஒற்றைப்புரி வாங்கினாள். காரணம் ஒன்றுதான். அதன் நுனியைப் பிரித்துச் சீப்பால் வாரிவிட்டால் குஞ்சம் குதிரைவால் மாதிரி விழும், படத்தில் எடுப்பாக இருக்கும். இருந்தது. படத்தை ஊரே பாராட்டியது.

அப்பா சரக்கு லாரி ஓட்டி முதுகு போய் வீட்டோடு இருந்தவர். அவர் உட்கார்ந்த முதல் வாரமே பாதம் தரையைத் தொட்டது. மழைக்காலத்தில் கயிறு ஈரத்தைக் குடித்துத் தளர்ந்ததில் இடுப்புவரை தரைக்குள் போனார். அம்மா குனிந்து காப்பி கொடுத்தாள். கோடையில் தலையும் மறைந்தது. அதன்பின் தையல்கார அக்கா அவரிடம் பித்தான் தைக்கக் கொடுக்க ஆரம்பித்தாள். குளியலும் மற்றதும் எப்படி என்று விருந்தாளிகள் கேட்பார்கள். அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் பழகிவிட்டது, ஒருத்தியைத் தவிர.

இதற்கிடையில் அவளுக்கு வேறு ஊரில் ஒரு கயிறு ஆலையில் வேலை கிடைத்தது. எந்தக் கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்று இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சேதியைச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "தொங்கவிட்டவ நீ. சரியா மாட்டிக் குடுத்துட்டு எங்க வேணாலும் போ." எனவே இந்த முறை ஒழுங்காகப் பின்னல் கயிறு வாங்கி, கைவசம் மிச்சம் இருக்கட்டும் என்று தாராளமாக வெட்டி, முடிச்சுகளை இறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். அப்பா ஒரு நிமிடம் எழுந்தால் போதும்.

அவர் பித்தானிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "எதுக்கும்மா?"

"கயிறு மாத்தணும். இது தப்பான கயிறு."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"நீதான். ஃபோன்ல திட்டினியே. இந்த நாற்காலி வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா உக்காந்தீங்க?"

"படிச்ச பொண்ணு மாட்டுனது, எப்படி உக்காராம இருக்கிறது?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இப்ப மாத்திட்டா நீ கிளம்பிடுவ. நான் எழுந்திருக்கிறதா இல்ல."

தையல்கார அக்கா மெஷினை நிறுத்தினாள். "அதானே பாத்தேன். மனுஷன் தொங்குறாரா, உன்னைத் தொங்கல்ல விட்டிருக்காரா?"

இத்தனை காலமும் அவள் ஒரு கயிற்றுக்காக வெட்கப்பட்டுத் தெருவில் தலைகுனிந்து நடந்திருந்தாள். அவளைக் கட்டி வைத்திருந்தது அந்தக் கயிறே இல்லை. இதை எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தப்பாகத்தான் எழுதியிருப்பாள், நாலு பக்கத்துக்கு.

புதுக் கயிற்றை அவர் மடியில் வைத்தாள். "அம்மாவுக்கு மாட்டத் தெரியும். எப்ப தோணுதோ அப்ப எழுந்திருங்க."

"கோவமா?"

"ஆமா."

பெட்டியைக் காலையிலேயே படிக்கட்டில் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் ஒரு படி இறங்க, சுவருக்கு அந்தப்பக்கம் கயிறும் ஒரு படி நீண்டது. அவள் தரைத்தளம் வந்தபோது அப்பா அங்கிருந்த சலூனில் கண்ணாடிக்கு எதிரே வந்து இறங்கியிருந்தார், உட்கார்ந்த நாற்காலியோடு. சலூன்காரர் துணியை உதறி அவர் கழுத்தில் கட்டி, மீசையையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"மீசை இருக்கட்டும்பா," என்றார் அப்பா, கண்ணாடியில் வாசலைப் பார்த்தபடி. "போற பொண்ணு திரும்பி வந்தா அடையாளம் தெரியணும்ல."

அது அவள் காதில் விழுந்தது. பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.