ஒரு பூம், வலப்பக்கம்

சாம்பவிக்குக் கப்பல் ஓட்டத் தெரியும். பரீட்சகருக்கு முன்னால் வாயைத் திறக்கத்தான் தெரியாது. பதினெட்டு மாதம் கடலில் பயிற்சி முடித்து, எழுத்துப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் தேறியவள், வாய்மொழிப் பரீட்சையில் மட்டும் இரண்டு தரம் மண்கவ்விவிட்டாள். இன்றைக்கு மூன்றாவது தரம். தேறினால் திங்கட்கிழமை கொழும்பிலிருந்து புறப்படும் கப்பலில் மூன்றாம் அதிகாரி. தவறினால் அந்த இடத்துக்கு வேறொருவன் பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

அம்மா சரோஜினிதேவி பம்பலப்பிட்டியில் கணக்கு ரீச்சர். மகளின் வாய்ப்பூட்டுக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியத்தை எந்த டொக்டரும் எழுதித் தரமாட்டார். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் ஒடுங்கிய நடைவழியில் தாயும் மகளும் எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்கள்; கப்பல் சங்குக்குப் பதில் வாயால் 'பூம்'. ஒரு பூம் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன். மூன்று பூம், பின்னுக்குப் போகிறேன். ஐந்து பூம், உன் எண்ணம் எனக்கு விளங்கவில்லை. நெடிய பூம் ஒன்று, துறையை விட்டுக் கிளம்புகிறேன். கையில் தோசைத் தட்டு இருந்தாலும் ஊதாமல் அம்மா குசினியை விட்டு வெளிக்கிடமாட்டார். பக்கத்து வீட்டு ருஷ்தா, வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் யாரும் வந்திருக்கிறார்களா என்று கேட்டே விட்டாள்.

வைத்தியம் காலில் பிடித்துக்கொண்டது. அதில்தான் தொல்லை. நேருக்கு நேர் வந்தால் கப்பல்கள் இரண்டும் வலப்பக்கம் விலகும். வெளியே காலி வீதி நெரிசலில் மனிதர்கள் இடப்பக்கம் விலகுவார்கள். அன்று காலை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் சாம்பவி மூன்று பேரோடு மோதினாள். மூன்றாவது மனுசியின் பையிலிருந்த பப்பாசிப்பழம் ரோட்டில் உருண்டது.

"கண் தெரியேல்லையோ பிள்ளை? எந்தப் பக்கத்தால வாறாய்?"

பழத்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கொழும்புக் கோட்டையில் பரீட்சை நடக்கும் கட்டிடத்தின் படிகளில் ஏறும்போதே நாக்கு ஒட்டிக்கொண்டது. மேல்மாடி நடைவழியில் எதிரே ஒருவர் வந்தார். முகத்தை மறைக்கிற அளவுக்குக் கையில் பைல் கட்டு. சாம்பவியின் கால் தானாக வலப்பக்கம் போனது. வாய் தானாக "பூம்!" என்றது. நாலாவது மோதல் என்று கண்ணை இறுக்கி மூடினாள்.

மோதவில்லை. பைல்களுக்குப் பின்னாலிருந்து கம்பீரமாக ஒரு "பூம்!" வந்தது. அந்த மனிதரும் தன் வலப்பக்கம் விலகி, சட்டை உரசாமல் கடந்து போனார்.

பத்து நிமிடம் கழித்து அவளைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் அதே பைல் கட்டு, அதே மனிதர்.

"நடைவழியில் என்ன செய்தீர், ஏன் செய்தீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிரிப்பை மீசைக்குள் ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பூட்டுத் திறந்தது. விதி, விளக்கு, மூடுபனி, நங்கூரம் என்று சாம்பவி பொரிந்து தள்ளினாள். கேட்காததற்கும் பதில் சொன்னாள். நாற்பது நிமிடத்துக்குப் பிறகு, "போதும், எனக்குப் பசிக்கிறது" என்று அவரே எழும்பவேண்டியதாயிற்று.

வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா நடைவழியின் மறுமுனையில் நின்றார்.

"என்ன பிள்ளை? பாஸோ?"

சந்தோஷத்தில் வாய்ப்பூட்டு மறுபடி விழுந்துவிட்டது. சாம்பவி கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். அம்மாவின் முகம் வெளிறியது. மெதுவாக, பயந்து பயந்து, ஐந்து தரம் ஊதினார்.

சாம்பவி நிமிர்ந்து நின்று, மூச்சு முடியும் மட்டும், ஒரே ஒரு நெடிய பூம் ஊதினாள்.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ரீச்சர் ரீச்சர்தான். சின்னதாக ஒரு பூம் ஊதி, வலப்பக்கச் சுவரோடு ஒதுங்கி மகளுக்கு வழிவிட்டார்.

சாம்பவி விலகவில்லை. நேரே ஓடிவந்து மோதினாள்.

"உப்பிடி மோதினா லைசன்ஸைப் பறிச்சுப் போடுவாங்களடி," என்றார் அம்மா, அவளை விடாமல்.