பைப்புக்கு மெருகு போட்ட மேதாவி

என் புருஷன் ஹோல்கர் பழைய புகையிலைப் பைப்புகளைப் புதுப்பிக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் சமையலறைக்கு நான்தான் விருந்தாளி. மேடையில் மெருகுச் சக்கரம். பாத்திரம் கழுவும் தொட்டியில் சாராயத்தில் ஊறும் பைப்புகள். காணாமல் போன என் பல் பிரஷ் புகையிலைக் கறையோடு கிடைத்தது. இத்தனைக்கும் ஐயா புகைத்தால் இருமுவார். அவருக்குப் பளபளப்புதான் வேண்டும். நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஸ்வென்போர்க் ஊரிலேயே தனக்கு நிகர் இல்லை என்று பீற்றல் வேறு.

இவரிடம் போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியவர் தோர்கில் தன் பைப்பைக் கொடுத்தார். அவர் மனைவி போடில் பைப் செதுக்குவதில் கைதேர்ந்தவள். சாவதற்கு முன் அவள் கடைசியாகச் செய்தது அந்தப் பைப். தண்டில் தன் பெயரின் முதல் எழுத்தை ஊசியால் கீறியிருந்தாள். சனிக்கிழமை பைப் சங்கத்தில் போட்டி. எல்லோருக்கும் ஒரே அளவு புகையிலை. யாருடையது கடைசிவரை அணையாமல் கனல்கிறதோ அவருக்குக் கோப்பை. தோர்கில் வருஷாவருஷம் அந்தப் பைப்போடுதான் போவார். ஜெயித்ததே கிடையாது.

"ஓட்டை அடைச்சிருக்கு. குத்தி விட்டாப் போதும்ப்பா."

"கவலைய விடுங்க பெரியவரே. புதுசாட்டம் ஆக்கித் தர்றேன்."

"புதுசெல்லாம் வேண்டாம். ஓட்டை மட்டும்."

ஹோல்கர் காதில் வாங்கினால்தானே!

"அந்த மனுஷன் கேட்டத மட்டும் செஞ்சா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா?" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? உள்ள எவ்ளோ கரி பாரு, அசிங்கம்."

அந்தக் கரிதான் மரம் கருகாமல் காக்கிறது என்பது புகைக்காத எனக்கே தெரியும். அதைச் சுரண்டி எடுத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். சக்கரத்தில் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை தோர்கில் வந்தார். நான் காபி ஊற்றினேன். ஹோல்கர் தானே பெற்ற பிள்ளை மாதிரி பைப்பைத் துணியில் ஏந்தி நீட்டினார். தோர்கில் பளபளப்பைப் பார்க்கவேயில்லை. கட்டைவிரலால் தண்டைத் தடவினார். திருப்பித் தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"எழுத்தைத் தேடுறீங்களா?" ஹோல்கர் சிரித்தார். "பாலிஷ்ல போயிடுச்சு. அதென்ன பெரிய விஷயம்? ஊசி இருக்கு, நானே கீறித் தர்றேன். அவங்கது கோணல்மாணலா இருந்துச்சு, நேரா போட்டுடலாம்."

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது.

"வேண்டாம்ப்பா," என்றார் தோர்கில். "அன்னைக்கு அவளுக்குக் கை நடுக்கம். உனக்கு அந்தக் கோணல் வராது."

காபியைத் தொடாமல் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்த ஹோல்கர் கேட்டார்: "ஒரு நன்றிகூடச் சொல்லல, பாத்தியா?"