பாய்க்கு அடியில் யார்

1

அங்கே இருந்தவர்கள்:

மத்தாயோ. குடும்பத் தலைவர், ஊர்த் தேவாலயத்தில் வேதம் வாசிப்பவர்.
லுப்பே. அவர் மனைவி.
ஃபிலெமு. எங்கள் பத்திரிகையின் செய்தியாளர்.
தவீத்தா. புகைப்படக்காரன்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், பெரும்பாலும் பெண்கள்.
வேன் ஓட்டிப் போன நான்.

பட்டியலோடு கதையைத் தொடங்குவது அழகில்லை. ஆனால் சமோவாவில் இப்போது பத்திரிகைக்காரன் வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி, "நீ அங்க இருந்தியா?" என்பதுதான். இருந்தேன். அந்தப் பத்திரிகையில் இரவுப் பணியில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. என் மனைவி பாதி நம்பினாள். அந்த அதிர்ச்சியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். செய்தியாகச் சொன்னால் நம்பாதவர்கள் கதை என்று சொன்னாலாவது

[இந்த வாக்கியம் கெஞ்சுகிறது. விட்டுவிடுகிறேன்.]

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த அதிகாலையில்..."

[தூறியதா? நினைவில்லை. அடித்தாயிற்று.]

இரண்டாவது: "ஒரு சமூகம் உண்மையின் மீது நம்பிக்கை இழக்கும்போது..."

[தலையங்கம். இதை எழுதுகிறவனை நானே நம்ப மாட்டேன்.]

மூன்றாவது: செமு ஓட்டிய பேருந்தில் அடிபட்டு ஒரு சிறுவன் இறந்தான்.

இது நிற்கும். காவல்துறை மறுக்கவில்லை, செமுவும் மறுக்கவில்லை.

செமு, மத்தாயோவின் தங்கை மகன். இங்கே ஒருவன் கையால் ஓர் உயிர் போனால், அவனுடைய குடும்பத் தலைவர் விடிவதற்குள் இறந்தவரின் வீட்டு முன்னால் போய், மெல்லிய இழையில் பின்னிய, விலைமதிப்புள்ள நுண்பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு மண்டியிடுவார். கூடப் போகிறவர்கள் விறகும் அடுப்புக்கல்லும் கொண்டுபோய் வைப்பார்கள். வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள் என்று பொருள். வீட்டார் வந்து பாயை எடுத்துவிட்டால் பழி தீர்ந்தது. இதற்கு இஃபோங்கா என்று பெயர்.*

மத்தாயோ மண்டியிட்டார். சிறுவனின் தகப்பன் பாயை எடுத்தான். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

* பாய்க்கு அடியில் இருப்பவர் பெரும்பாலும் குற்றம் செய்தவர் அல்ல. கதை முழுக்க இதில்தான் இருக்கிறது. அடிக்குறிப்பில் போட்டால் படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் போடுகிறேன். திருத்தங்களையும் நாங்கள் இப்படித்தான் போடுவோம்.

3

ஃபிலெமுவை எப்படி எழுதுவது என்று பிடிபடவில்லை. ஒரு வரைவில் திமிர் பிடித்தவளாக்கினேன், படிக்க நன்றாக இருந்தது. இன்னொன்றில் அப்பாவியாக்கினேன், அதுவும் நன்றாக இருந்தது. இரண்டும் பொய். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்து, அப்பா அம்மாவின் நாட்டுக்கு வேலைக்கு வந்தவள். சிறுவனின் பெயர், வயது, படித்த பள்ளி எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்த்தாள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் வளர்ந்த இடத்தில், மண்டியிட்டு அழுகிறவன்தான் செய்தவன். பாய்க்கு அடியில் மத்தாயோ இருக்கும் படத்துக்குக் கீழே எழுதினாள்: "சிறுவனை மோதிக் கொன்ற பேருந்து ஓட்டுநர் மத்தாயோ மன்னிப்புக் கோருகிறார்."

ஆசிரியர் சியாவோசி பார்த்து அனுப்பினார். முதல் பக்கம். [அன்று எனக்கு விடுமுறை. நம்புவது உங்கள் விருப்பம்.]

ஊருக்கு வழக்கம் தெரியுமே, சிரித்துவிட்டுப் போயிருப்பார்களே என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. பத்திரிகை ஓட்டுநர் என்று போட்டிருக்கிறது, அப்படியானால் ஓட்டியது மத்தாயோதான் என்றார்கள். குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார், மருமகனைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பாயைப் போர்த்திக்கொண்டு நடித்திருக்கிறார் என்றார்கள்.

திருத்தம் போட்டோம். முதலில் உள்ளே, பிறகு முதல் பக்கத்திலேயே. மத்தாயோ எங்களுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் சந்தைப் பேச்சாக இருந்தது. மீன் விற்பவள் என்னிடமே கேட்டாள். பொய்யை எங்கள் பத்திரிகையில் படித்து நம்பியவர்கள், உண்மையை அதே பத்திரிகையில் படித்துவிட்டு, பத்திரிகைக்காரன் வாயில் வருவதெல்லாம் பொய் என்றார்கள். மீனைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

சிறுவனின் தகப்பன் ஆள் அனுப்பினான்: பாயை எடுத்தது செல்லாது. மத்தாயோவின் ஊர்ச் சபை சனிக்கிழமை நண்பகலில் கூடி, அவரைக் குடும்பத்தோடு விலக்குவதா என்று முடிவு செய்யும். விலக்கினால் வீடு, சேப்பங்கிழங்குத் தோட்டம், வாசலில் இருக்கும் தாய் தகப்பன் கல்லறை எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும்.

4

வெள்ளிக்கிழமை விடியலில் ஃபிலெமு மத்தாயோவின் வீட்டு முன்னால் மண்டியிட்டாள்.

யோசனை அவளுடையது. பாய் அவளுடைய அத்தை கொடுத்தது. சியாவோசி மறுக்கவில்லை. தனக்கு முதுகு வலி என்றார், கூடத் தவீத்தாவை அனுப்பினார்.

வேலியோரம் கூட்டம் சேர்ந்தது. ஒருத்தி கேட்டாள்: "என்னடி, இன்னிக்கு யாரை டிரைவர் ஆக்கப் போறே?" சிரித்தார்கள். பாய் அசையவில்லை.

மத்தாயோ திறந்த கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து பாயை எடுத்தார். நான் மூச்சுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. அறை வாங்கியவர் போல நின்றார்.

"நீயா? எங்கேம்மா உங்க பெரியவர்?"

"தப்பு பண்ணது நான்தான், ஐயா. அதான் நானே வந்தேன்."

"நீதான் பண்ணேன்னு எனக்குத் தெரியாதா? பண்ணவ வந்து உக்கார்றது பெரிசில்லம்மா. பண்ணவளுக்காகப் பெரியவன் வந்து உக்காரணும். அப்பத்தான் அந்த வீடே தலை குனிஞ்சதா அர்த்தம். அன்னிக்கும் உனக்கு இது புரியல. இன்னிக்கும் புரியல."

ஃபிலெமு இரண்டாவது முறையும் அதே பிழையைச் செய்திருந்தாள், இந்தத் தடவை தன் முழங்காலால்.

வேலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பாத்தீங்களா, ஆசிரியர் வரல. அவங்க போட்டது நெசம்தான். சும்மா ஒரு பொண்ணை அனுப்பிட்டாரு."

தவீத்தா படம் எடுத்துக்கொண்டே இருந்தான். நாளை முதல் பக்கத்தில் "பத்திரிகை மன்னிப்புக் கோரியது" என்று வரும், சியாவோசி இடம் ஒதுக்கிவிட்டார் என்று வேனிலேயே சொல்லியிருந்தான்.

மத்தாயோ கேமராவைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல. லுப்பே, இவளுக்குக் கோக்கோ குடு. ஆனா நாளைக் காலைல பெரியவர் இல்லாத இந்தப் படம் சபைக்காரங்க கையில இருந்துச்சுன்னா, சாயங்காலம் நான் சாமான் கட்டணும்."

பாயை மடித்து அவள் கையிலேயே வைத்தார்.

"இதை உங்க பெரியவர் தலையில போட்டுக் கூட்டிட்டு வா. சபை கூடறதுக்குள்ள."

லுப்பே கொடுத்த கோக்கோவை ஃபிலெமு குடித்தாளா என்று கவனிக்கவில்லை.

5

இனி முடிவு.

[முடிவு அ: சியாவோசி வெட்கப்பட்டு வேனில் ஏறுகிறார். ஒரு பக்கம் எழுதினேன். சியாவோசியை எனக்குத் தெரியும் என்பதால் சிரிப்பு வந்தது.]

[முடிவு ஆ: படம் வருகிறது. மத்தாயோ கல்லறைகளின் மேல் கிடந்த சருகைக் கூட்டிவிட்டு]

[முடிவு இ: தவீத்தா படங்களை அழித்துவிடுகிறான். இதை நான் மிகவும் விரும்பினேன். ஆனால் அவன் வேனிலிருந்தே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தான்.]

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் பத்திரிகைக்காரன் சொன்னதாகிவிடும். நல்லதாகச் சொன்னால் காசு வாங்கினேன் என்பீர்கள், கெட்டதாகச் சொன்னால் விற்பனைக்காக என்பீர்கள். மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒருமுறை யோசித்தால் போதும்.

நான் பார்த்தது வரை தருகிறேன். தலைநகர் ஆபியாவுக்குத் திரும்பும் வழி முழுக்க ஃபிலெமு பாயை மடியில் வைத்திருந்தாள். அலுவலகத்தில் சியாவோசியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் மேசைக்குப் பின்னால் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். திரையில் முதல் பக்கம், அதில் பாய் போர்த்திய உருவம். ஃபிலெமு வாசலில் நின்று சொன்னாள்: "ஐயா, எழுந்திருங்க. வேன் நிக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த பாயைப் பார்த்தார்.

"உள்ள வாம்மா, பேசலாம்."

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது. திருப்பியது யார் கை என்று எனக்குத் தெரியாது.