இடிமுழக்கத்தின் உடல்நிலை

லிஃப்ட் மெக்கானிக்கை வேலையிடத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. பதினாறு மாடிக் கட்டடத்தின் மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிடுவதே விரலைச் சொடுக்கித்தான். ஆனால் செல்போனில் கோட்டைச் சண்டை விளையாட்டைத் திறந்துவிட்டால் அவர் 'இடிமுழக்கம்', நாற்பது பேர் கொண்ட படைக்குத் தளபதி. அவர் பாயச் சொன்னால் நாற்பது பேரும் பாய்வார்கள். அந்த ஒரு மரியாதையை வைத்துத்தான் மனிதர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கும் செவ்வாய்க்கிழமை வேட்டு வைத்தார்கள். ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கிறேன் என்று விளையாட்டுக் கம்பெனி புதுச் சட்டம் கொண்டுவந்தது. இனி ஒவ்வொரு வீரனும் ஆடுகிறவரின் அடையாள அட்டையோடும் மருத்துவப் பதிவோடும் இணைக்கப்படுவான். ஆடுகிறவருக்கு எவ்வளவு தெம்போ அவ்வளவுதான் வீரனுக்கும். கீழே ஒன்பது பக்க விவரம். நம் தளபதி படிக்கிற ரகமில்லை. 'சம்மதம்' என்று இருந்த இடத்திலெல்லாம் அழுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் இடிமுழக்கம் கோட்டை வாசலில் நின்று கொட்டாவி விட்டான். பத்தடி ஓடியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். படையே சிரித்தது. வீரனின் விவர அட்டையைத் திறந்தால், 'தூக்கம்: நான்கு மணி நேரம். நடை: பதினேழாயிரம் அடி. இடுப்பு வலி: நாள்பட்டது' என்று இருந்தது. எட்டு மணி நேரம் குறட்டை விடுகிற, முதல் மாடிக்கே லிஃப்டில் போகிற ஆளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்தது? மேலே இருந்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடைய மனைவி.

போன் வாங்கிய அன்று இவர் அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டதால், இருவர் போன் எண்ணையும் மனைவி பெயரிலேயே எடுத்திருந்தார்கள். அவள் மருத்துவமனையில் நர்ஸ். நடையையும் தூக்கத்தையும் கணக்கெடுக்கும் கைக்கடிகாரத்தைக் கழற்றவே மாட்டாள். அந்தக் கணக்கு மொத்தமும் இடிமுழக்கத்தின் தலையில் இறங்கிவிட்டது. பெயர் மாற்ற முப்பது நாள் ஆகுமாம். பெரிய முற்றுகையோ ஞாயிற்றுக்கிழமை. அதில் தளபதி தோற்றால் பதவி துணைத்தளபதிக்குப் போய்விடும். அவன் வேறு எப்போதடா என்று காத்துக்கிடந்தான்.

மனைவி தேறினால்தான் வீரன் தேறுவான். வியாழக்கிழமையிலிருந்து மெக்கானிக் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், அவளுடைய அலாரத்தை அணைத்துவிட்டுத் தானே எழுந்து மகளைப் பள்ளிக்குக் கிளப்பினார். மகள் ஒரு காலில் வெள்ளை சாக்ஸும் மறுகாலில் நீல சாக்ஸுமாகப் போய்ச் சேர்ந்தாள். மனைவி பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினால்கூட, எதற்கு வீண் நடை என்று பிடித்து உட்காரவைத்தார். அவள் மிரண்டுபோய்த் தன் அக்காவுக்குப் போன் செய்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒருத்தர் திடீரென்று பாத்திரம் கழுவினால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது, கண்கொத்திப் பாம்பாக இரு என்றாள் அக்கா. சனிக்கிழமை தூக்கம் ஏழரை மணி நேரத்தைத் தொட்டது. இடிமுழக்கம் மதில்மேல் துள்ளிக் குதித்தான்.

ஞாயிறு பகல் மூன்று மணி. மனைவியைச் சோபாவில் கால் நீட்டிப் படுக்கவைத்துவிட்டு, மெக்கானிக் படையைக் கோட்டை வாசல்வரை கொண்டுவந்துவிட்டார். அப்போதுதான் கம்பெனியிலிருந்து, அடையாள அட்டைக்கு உரியவர் என்ற முறையில், அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது: 'வாழ்த்துகள். நீங்கள் எடுத்த ஓய்வால் உங்கள் வீரனின் பலம் இரண்டு மடங்காகியுள்ளது.' அவள் இரண்டு தடவை படித்தாள். எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். என்ன இது என்று கேட்டாள். மெக்கானிக் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அப்போ இந்த நாலு நாளும் எனக்காக இல்ல" என்றாள்.

நாற்பது பேர் கட்டளைக்குக் காத்திருந்தார்கள். ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

"கோட்டைக்காகத்தான் ஆரம்பிச்சேன். ஆனா நீ நாலு மணி நேரந்தான் தூங்குறேன்னு அந்த வீரனோட அட்டையப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. அசிங்கமா இருந்துச்சும்மா."

பக்கத்தில் படுப்பவளைப் பற்றி ஒரு கம்பெனி சொல்லித்தான் புருஷனுக்குத் தெரிந்தது என்பது அவளுக்கு நன்றாகவே வலித்தது. ஆனால் அவள் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

"இப்போ புடிங்க உங்க கோட்டைய."

கடிகாரம் இப்போது அவர் உடம்பைக் கணக்கெடுத்தது; அடுத்த நொடியே இடிமுழக்கத்துக்குத் தொப்பை விழுந்தது. கோட்டைப் படிக்கட்டில் மூன்று படி ஏறினான். நான்காவதில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினான். துணைத்தளபதி அவன் தலையைத் தாண்டிக் குதித்து உள்ளே போனான். ஒரு நிமிடத்தில் தளபதி பதவி போயே போய்விட்டது. மெக்கானிக்குக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடிகாரத்தின் வாரை அவிழ்க்கப் போனார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அங்கயே இருக்கட்டும். நாளைல இருந்து காலைல நாலரைக்கு நீங்கதான் எந்திரிக்கிறீங்க. சமையல், பாத்திரம், எல்லாம். உங்க வீரனுக்கும் தொப்பை கரையும். யாருக்காகச் செய்றீங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்."