இரவல் பெயரில் சில பிழைகள்

கட்டுகஸ்தோட்டையில், மருந்துக்கடை மாடியிலிருந்த அந்த அலுவலகத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. ஊழியர் ஒருவரின் கணினிக் கணக்கில் சில நாள் வேலை நடவாவிட்டால் கம்பனி அதைப் பூட்டிவிடும். பூட்டியது மறுபடி திறக்காது. ஆகவே ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் போனால், இன்னொருத்தி அவள் கணக்கிலும் நாள்தோறும் சிறிது வேலை செய்து அதை உயிரோடு வைத்திருப்பாள். துஷ்யந்திக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அந்தப் பொறுப்பு நிரஞ்சனியிடம் வந்தது.

எங்கோ ஒரு தேசத்துத் தெருப் படங்கள் திரையில் வரும். மனிதர், மரம், வாகனம் என ஒவ்வொன்றையும் கட்டமிட்டுப் பெயர் குறிக்க வேண்டும். அவற்றைக் கற்றுத்தான் சாரதியில்லாத கார் தெருவை அறிந்துகொள்ளுமாம். தன் கணக்கில் விரைந்து கட்டமிடும் நிரஞ்சனி, தோழியின் கணக்கில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். காக்கைக்குத் தன் முட்டையைவிடக் குயில் முட்டையின்மேல்தான் கவலை அதிகமாம்.

வினை அங்கேதான் முளைத்தது. பிழை குறையக் குறைய அந்தக் கணக்கின் புள்ளி ஏறியது. எல்லாம் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்துவந்த மேற்பார்வையாளர் ரஸீன், ஒருநாள் அவள் கதிரையருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, துஷ்யந்திக்குப் பதவி உயர்வு வரப்போகுது. வீட்டுல படுத்துக்கிட்டே முன்னேறுறா, கெட்டிக்காரி."

"நல்லதுதானே, நானா?" என்றாள். அண்ணன் என்ற உரிமையில் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

"அடிபட்ட ஆக்கள், வெட்டுக்குத்து, அந்த மாதிரிப் படம் பார்க்கிற பிரிவு. இந்தக் கிழமை முடியுறவரைக்கும் புள்ளி இப்படியே நின்டா அங்க போட்டுருவாங்க. மாட்டேன்டு சொன்னா கணக்கப் பூட்டிருவாங்க."

மதியம் நிரஞ்சனி தொலைபேசியில் அழைத்தாள்.

"புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்து அதையா பார்ப்பேன் அக்கா?" என்றாள் துஷ்யந்தி. "இந்த வேலையும் போச்சின்னா, கைப்புள்ளைக்காரிய வேற யாரு எடுப்பாங்க?"

"சும்மா இரு. புள்ளிய ஏத்துனவ நான். எறக்கவும் எனக்குத் தெரியும்."

சொல்வது எளிதாக இருந்தது. முதல் படத்தில், தெருவைக் கடக்கும் ஒருவனை 'மரம்' என்று குறிக்கக் கை போயிற்று. போன கை நின்றது. நாளை ஒரு கார் இதை நம்பி ஓடும். அதன் முன்னால் எவளோ ஒருத்தி பிள்ளையோடு வருவாள்.

அதனால் மனிதரையும் வாகனத்தையும் பழுதறக் கட்டமிட்டாள். குப்பைத்தொட்டியைத் தபாற்பெட்டி என்றாள். பூச்செடியைப் புதர் என்றாள். எந்தப் பெயரிட்டாலும் கார் அவற்றின்மேல் ஏறப்போவதில்லை. ஆள் சேதமில்லாத பிழைகளைத் தேடிப் பொறுக்குவது, சரியாகச் செய்வதைவிடக் கடினமாயிருந்தது.

"அந்த ஊருல எல்லாரும் கடிதம் எழுதுறவங்க போல. திரும்புற பக்கமெல்லாம் தபாற்பெட்டி" என்றார் ரஸீன். திருத்தும் உரிமை அவருக்கு இருந்தது. திருத்தாமலே அனுப்பிவைத்தார்.

வெள்ளி மாலை துஷ்யந்தி அழைத்தாள்.

"அக்கா, என் கவனம் கொறஞ்சிருச்சின்னு எச்சரிக்கை வந்திருக்கு. பழைய வேலையிலேயே இருக்கணுமாம்." அவள் குரலில் சிரிப்பு இருந்தது. "என்னைய நல்லா மக்காக்கிட்டீங்க."

"புள்ள என்ன செய்யுது?"

"இப்பதான் தூங்குனா."

"அப்ப நீயும் தூங்கு."

நிரஞ்சனி துஷ்யந்தியின் கணக்கைத் திறந்து அடுத்த தெருவை எடுத்தாள்.