ஹெல்மி பார்த்த திசை

நவம்பர், நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கண்காட்சிக் கூடத்தில் விளக்கேற்றிய பிறகுதான் தோனிஸ் தன் மனைவி ஹெல்மியின் முகத்தைப் பார்த்தான்.

ரெம்மல் வரைந்த படம். கன்னம் பச்சை. கண்ணுக்குக் கீழே செங்கல் நிறம். கழுத்தில் தூரிகை போன தடம் அப்படியே காய்ந்திருந்தது. அதெல்லாம் அவனை ஒன்றும் செய்யவில்லை. பாரிஸ் போய்வந்ததிலிருந்து ரெம்மல் யாரை வரைந்தாலும் பச்சைதான்; தார்த்து நகரமே சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

வாய்தான். கொஞ்சம் திறந்த வாய். கண் இடப்பக்கம், சற்றுத் தாழ்வாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டும் என்று கேட்கும் கண். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வை ஒரு நாளும் அவன் பக்கம் திரும்பியதில்லை.

பின்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

“புருஷனைப் பாக்கற பார்வையாடி இது?”

“புருஷனைப் பாத்தா வாய் தானா மூடிக்குமே.”

சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனார்கள்.

அவளை ரெம்மலிடம் அனுப்பியது அவனேதான். ஜெர்மன் படை ஊருக்குள் வந்த பிறகு விறகு கிடைக்கவில்லை. ரெம்மலின் அறையில் அடுப்பு எரிந்தது. “படத்துக்குப் போய் உக்காரு. காசா பணமா? உடம்பாவது காயும்” என்று சொல்லி அனுப்பினான்.

தோனிஸுக்கும் முகம்தான் பிழைப்பு. புகைப்பட நிலையத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகட்டின் மேல் பென்சிலால் சுருக்கங்களை எடுப்பான். ஒட்டிய கன்னங்களை நிரப்புவான். அந்த வருடம் நிரப்புகிற வேலை அதிகம். பீட்டர்ஸ்பர்க்கில் அவனும் ரெம்மலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஓவியம் படித்தவர்கள். ஆசிரியர் அப்போது புகழ்ந்தது தோனிஸின் கோடுகளை.

ரெம்மல் பக்கத்தில் வந்து நின்றான்.

“என்னடா, மூக்கை ஒட்டவெச்சுப் பாக்கற? அழிக்கறதுக்கு மரு தேடறியா?”

“எதைப் பாக்கறா இவ?”

“யாரு?”

“எம் பொண்டாட்டி.”

ரெம்மல் தாடியைச் சொறிந்தான். சிரிக்கவில்லை.

“வீட்டுக்குப் போய் அவளையே கேளு.”

ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது தோனிஸ் தொப்பியைக் கூடக் காதுக்கு இழுத்துவிடவில்லை. அப்படி ஒரு பார்வையை யாரும் கற்பனையில் வரைய முடியாது. அது அவனுக்குத் தெரியும். அவள் பார்த்திருக்கிறாள்; ரெம்மல் வரைந்திருக்கிறான்.

ஹெல்மி அடுப்படியில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவன் விளக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தான். காகிதமும் பென்சிலும் எடுத்தான்.

“இங்க பாரு.”

“கிழங்கு வேக வேண்டாமா?”

“அங்க பாத்த மாதிரி பாரு. ரெம்மல் முன்னாடி.”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். புத்தி பிசகிய ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“வாயைக் கொஞ்சம் திற.”

“எதுக்கு? பல்லு பிடுங்கப் போறியா?”

“ஹெல்மி. உனக்கும் அவனுக்கும் என்ன?”

அவளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் கழுத்து சிவந்தது. பிறகு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“அந்தத் தாடியையா? கடவுளே. நான் ரொட்டியைப் பாத்தேன்.”

“எந்த ரொட்டி?”

“கரியால போட்ட கோடுகளை அழிக்க வெச்சிருப்பானே. அவன் அக்கா பண்ணையிலேருந்து அனுப்பற வெள்ளை ரொட்டி. உள்ள மெத்துனு இருக்கறதைப் பிச்சு, உருட்டி, காகிதத்துல தேய்ப்பான். கருப்பானதும் தரையில போட்டுடுவான். பாவி, என் மூக்கை மட்டும் எத்தனை தடவை அழிச்சான் தெரியுமா?”

தோனிஸும் சிரித்தான். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பீட்டர்ஸ்பர்க்கில் அவர்களும் அப்படித்தான் அழித்தார்கள்.

“அப்புறம்?”

“ஒரு நாள் கையை நிறுத்திட்டு என்னையே பாத்தான். அசையாதேன்னான். வேகவேகமா வரைஞ்சான். முடிச்சுட்டு, மிச்ச ரொட்டியை அப்படியே என் மடியில வெச்சான். திரும்பி அடுப்பைக் கிளற ஆரம்பிச்சுட்டான், நான் தின்னு முடிக்கறவரைக்கும்.”

தோனிஸின் சிரிப்பு நின்றது.

“நீ மத்தியானம் சாப்பிட்டாச்சுன்னு சொல்லுவியே. தினமும் சொல்லுவியே.”

அவள் கத்தியை எடுத்துக்கொண்டாள். தோல் மெல்லிய சுருளாக இறங்கியது.

சுவரில் அவளுடைய புகைப்படம் தொங்கியது. வசந்தத்தில் எடுத்தது, அவனே பென்சில் வைத்துத் திருத்தியது. அதில் கன்னம் உருண்டையாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதற்குக் கீழே இருந்தவளின் கன்னத்தில் ஒரு குழி. ரெம்மல் பச்சையை வைத்த இடம்.

அவன் ரெம்மலை அதுவரை அவ்வளவு வெறுத்ததில்லை.

“பசிக்குதுன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றான்.

ஹெல்மி நிமிராமல் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

“நான் அவங்கிட்டயும் சொல்லலையே, தோனிஸ்.”