இரண்டு இடது கால்கள்

பெங்களூர் கல்பள்ளி இடுகாட்டில் கிரணைப் புதைத்துவிட்டு வந்த இரண்டாவது வாரம், அவனுடைய கைகள் மட்டும் அல்சூர் வீட்டு மேசைக்கு வேலைக்குத் திரும்பின. மணிக்கட்டுக்குச் சற்று மேலே வரைக்கும்தான் இருந்தன. ஏன் அவ்வளவு மட்டும் என்று தெருவில் முதலில் குழம்பினார்கள். அவனுடைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்தவர்களுக்குப் பிறகு விளங்கிவிட்டது. காமிரா எப்போதும் அந்த இடத்தோடுதான் கையை வெட்டும். ஊருக்குத் தெரிந்த கிரண் அவ்வளவுதான், திரும்பி வந்ததும் அவ்வளவுதான். இடது கட்டைவிரலில், பெட்டி பிரிக்கும் கத்தி கீறிய பழைய தழும்பு இருந்தது. மோதிரம் இல்லை, அது இருந்த இடத்தில் வெளுத்த வளையம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த மோதிரம் பீரோவில் இருக்கிறது என்று அவன் மனைவி சங்கமித்ரா கேட்டவர்களிடமெல்லாம் விளக்கம் சொன்னாள்.

கிரண் ஒயிட்ஃபீல்டு பக்கத்துப் பெரிய கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். லாரி, விமானம், கிரேன் என்று எதுவாகவோ இருந்து ரோபோவாக மாறும் பொம்மைகள் என்றால் அவனுக்கு உயிர். அதிலும் அசல் கம்பெனியின் பொம்மையைத் தொடமாட்டான். உரிமை வைத்திருக்கிற பெரிய கம்பெனி ஒரு வகை, அதை அப்படியே அச்சு எடுத்து விற்கிற திருடர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், அதே ரோபோவைத் தாங்களே புதிதாக வரைந்து, அசலைவிட நேர்த்தியாகச் செய்து, வம்புக்குப் பயந்து வேறு பெயர் போட்டு விற்கிற சின்னச் சின்னச் சீனக் கம்பெனிகள் மூன்றாம் வகை. கிரணின் பக்தி முழுக்க அந்த மூன்றாம் வகைக்குத்தான். யாராவது வாய் தவறி டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. சேனலுக்கே ‘மூணாவது கம்பெனி’ என்றுதான் பெயர் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கைப் போட்டு, பெட்டியைப் பிரித்து, பொம்மையை ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி, கழுத்து, தோள், இடுப்பு, முட்டி என்று ஒவ்வொரு மூட்டாக அசைத்து, எது டைட், எது லூஸ், பெயின்ட் எங்கே உரிகிறது என்று சொல்வான். முகத்தை ஒருநாளும் காட்டியதில்லை. அப்படிப்பட்டவன் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு மழை நாளில் பைக் சறுக்கி விழுந்தான். இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து போய்ச் சேர்ந்தான்.

இந்தப் பொம்மைகளில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனிக்காரன் படம் மட்டும் காட்டுவான், ரசிகன் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும், சரக்கு வர ஒரு வருஷம் ஆனாலும் ஆகும். அதனால் ஆள் போன பிறகும் அவன் புக் பண்ணிய பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்துகொண்டு இவர்களுக்கெல்லாம் சரக்கு வரவழைத்துக் கொடுக்கும் வெங்கிதான் முதல் பெட்டியைக் கொண்டுவந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் சங்கமித்ராவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதை மேசையில் வைத்துவிட்டு விளக்கைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அடுப்படிக்குப் போய்த் திரும்பியபோது கைகள் பெட்டியின் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தன.

கைகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பிரிக்காத பெட்டி வைத்தால் வரும். பொம்மையை மாற்றி, அசைத்து, மறுபடி வண்டியாக மடக்கி, முகப்பு இடப்பக்கம் பார்க்கும்படி பெட்டிக்கு முன்னால் நிறுத்தும். அடுத்த கணம் அங்கே இருக்காது. கிரண் புக் பண்ணியதற்கு மட்டும்தான் வந்தன. சங்கமித்ரா வெங்கியிடம் தானாக ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தாள். விளக்கு எரிந்ததுதான் மிச்சம். முதல் தடவையே வலது கை போன் ஸ்டாண்டை இரண்டு தட்டு தட்டிக் காட்டியதால் அவள் வீடியோவும் எடுத்தாள், சேனலில் ஏற்றவும் செய்தாள். முந்தின வீடியோவுக்குக் கீழே அஞ்சலி எழுதியிருந்தவர்களே இதற்குக் கீழும் எழுதினார்கள். ‘ஆழ்ந்த இரங்கல் அண்ணா. இந்த வாட்டி லைட்டிங் சூப்பர். ஆனா வாய்ஸ் வரல, செக் பண்ணுங்க.’ கைகளுக்குக் குரல் ஏது? ஆகவே சங்கமித்ரா பேசத் தொடங்கினாள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பில் போடுகிறவள், கல்யாணமானதிலிருந்து இந்தப் பொம்மைகளைச் சக்களத்தியாகப் பார்த்தவள், அவனுடைய பழைய வீடியோக்களைக் கேட்டுக் கேட்டு, எந்த மூட்டு சொடுக்கிச் சொடுக்கித் திரும்பும், எது வழுக்கும் என்று அவன் சொன்ன மாதிரியே சொல்லக் கற்றுக்கொண்டாள்.

மாமியார் சந்திரம்மா, மகன் வந்திருக்கிறான் என்று ஒவ்வொரு தடவையும் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். இடது கை டம்ளரைப் பொம்மைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும். புத்த விகாரைக்குப் போயிருந்தபோது அவள் அங்கிருந்த பிக்கு பந்தேஜியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர், கைகள் யாருக்காவது தொந்தரவு தருகின்றனவா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சங்கமித்ராவின் குறை வேறு. ஒருநாள் துணிந்து அந்த வலது கையைப் பிடித்தாள். சூடுமில்லை, குளிர்ச்சியுமில்லை, மேசைப் பலகையைத் தொட்டது போலிருந்தது. கை திமிறவில்லை. வேலைக்கு நடுவில் கூப்பிடப்பட்ட ஆள் பொறுத்துப் போவது போலச் சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக விரல்களை உருவிக்கொண்டு பொம்மைக்கே திரும்பியது. உயிரோடு இருந்தபோதும் இதேதான் செய்வான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு இட்லிப் பாத்திரம் விழுந்த சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

இப்படியே ஒரு வருஷம் போனது. ஆடி மாதக் காற்றில் வெங்கி ஒரு பெரிய பெட்டியோடு வந்து வாசலிலேயே நின்றான்.

“அக்கா, கிரண் புக் பண்ணதுல இதான் லாஸ்ட் பீஸ். கிரேன் லாரி. இதுக்கு மேல அவன் பேர்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

அவள் அந்தப் பெட்டியைப் பீரோவின் மேல் ஏற்றி வைத்தாள். ஆயுத பூஜைக்குத் தெருவில் பூசணிக்காய் உடைத்தார்கள், தீபாவளி வந்தது, வருஷம் முடிந்து கேக் கடைகளில் கூட்டம் கூடியது, பெட்டி இறங்கவில்லை. பிரித்தால் வருவான், முடித்தால் போய்விடுவான், அப்புறம் எதுவுமே இல்லை. அவளுடைய கணக்கு அவ்வளவு எளிமையானது. சந்திரம்மாதான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்.

“எறக்கி வெச்சிடு மித்ரா. அவன் எங்க நின்னுக்கினு காத்திருக்கானோ.”

கிரேன் பெட்டிக்குள் ரோபோவாகவே நின்ற நிலையில் அடைபட்டு வந்திருந்தது. சில கம்பெனிகள் அப்படி அனுப்பும். கைகள் அதை எடுத்து நிறுத்தி, கழுத்தைத் திருப்பி, தோளை உயர்த்தி, எல்லாம் வழக்கப்படி காட்டின. பிறகு லாரியாக மடக்கத் தொடங்கின. மார்பு உள்ளே போனது, தலை மறைந்தது, ரோபோவின் கைகள் இரண்டும் பக்கவாட்டுக் கதவுகளாயின. கடைசியில் இரண்டு கால்களும் ஒன்றையொன்று கவ்வி லாரியின் பின்பகுதியாக வேண்டும். இடது காலில் முளை இருக்கும், வலது காலில் குழி இருக்கும், அழுத்தினால் டக்கென்று உட்காரும். உட்காரவில்லை. கைகள் பிரித்தன, மறுபடி அழுத்தின. சங்கமித்ரா குனிந்து பார்த்தாள். பாதங்கள் இரண்டும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. இரண்டிலும் முளை. தொழிற்சாலையில் எவனோ கை தவறி இரண்டு இடது கால்களைப் பூட்டிவிட்டான்.

இது இந்தப் பொம்மைக்காரர்களிடம் அடிக்கடி நடப்பதுதான். உயிரோடிருக்கிற ரசிகனாயிருந்தால் படம் எடுத்து வெங்கிக்கு அனுப்பி, நாலு கெட்ட வார்த்தை திட்டி, மாற்றுக் கால் வரும்வரை பொம்மையை மூட்டைகட்டி வைப்பான். கைகளுக்கு அந்த வசதி இல்லை. எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்கும் பழக்கம் கிரணுக்கு லிஃப்ட் வேலையிலேயே கிடையாது. சங்கமித்ரா ஒரு கணத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். போனை அணைத்துவிட்டு, டம்ளரில் இருந்த டீயைத் தானே குடித்தாள்.

கைகள் அன்று போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மேசையில் இருந்தன, காலையில் கிளம்பும்போதும் இருந்தன. பிரித்து, அழுத்தி, பிரித்து, அழுத்தி. அந்த ஓசை வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அவள் சாப்பாட்டுத் தட்டை அந்த மேசைக்கே கொண்டுவந்தாள். கவுன்ட்டரில் சண்டை போட்டவர்கள், மெட்ரோவில் இடம் பிடித்தவள், அண்ணன் வீட்டுப் பஞ்சாயத்து என்று ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் கைகளிடம் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து அவனை இப்படி ஒரே இடத்தில் உட்கார்த்தி வைக்க முடிந்ததில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை. தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மேசையில் வெள்ளைத் தூள் விழுவதை முதலில் பார்த்தது சந்திரம்மா. பிளாஸ்டிக் தேய்கிறது என்று துணியால் துடைத்தாள். மறுநாளும் விழுந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தபோது கிரேனின் முளைகள் வந்த அன்றைக்கு இருந்தது போலவே கூராக இருந்தன. தேய்ந்தது விரல்கள். ரத்தமில்லை, புண்ணில்லை. சாக்பீஸ் தேய்வது போல ஆள்காட்டி விரல்களின் நுனி மழுங்கிப்போய், நகம் பாதிதான் இருந்தது. இடது கட்டைவிரலில் தழும்பு இருந்த இடமே இல்லை.

“ஏம்மா, எம்புள்ள கை தேயுது, ஒனக்குக் கண்ணு தெரியலயா?” என்று கேட்டாள் சந்திரம்மா. “இல்ல, தெரிஞ்சுதான் பூ வெச்சுக்கினு போறியா?”

சங்கமித்ராவுக்குத் தெரிந்துதான் இருந்தது. முந்தின நாளே தூளை விரலில் தொட்டுப் பார்த்திருந்தாள். இப்போது பொம்மையைப் பிடித்து இழுத்து எடுத்தாள். கைகள் நிற்கவில்லை. வெறுங்காற்றைப் பிரித்தன, அழுத்தின. விரல் விரலோடு உரசித் தூள் இன்னும் வேகமாகக் கொட்டியது. அவள் அலறிக்கொண்டு பொம்மையைத் திரும்பக் கொடுத்தாள். பிறகு போனை எடுத்து ரசிகர்களின் குழுவில் எழுதினாள். எனக்கு இரண்டு இடது கால் வந்துவிட்டது, யாருக்காவது இரண்டு வலது வந்திருக்கிறதா? ஒரு பெட்டியில் இரண்டு இடது விழுந்தால் இன்னொரு பெட்டியில் இரண்டு வலது விழுந்துதானே ஆகவேண்டும். ஆனேக்கல்லிலிருந்து உத்தமன் என்பவன் பதில் போட்டான்.

அவன் ஏதோ ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அவனுடைய கிரேன் டிவி மேல் இரண்டு வலது காலோடு, பஸ்ஸில் கம்பி கிடைக்காதவன் மாதிரி ஒருக்களித்து நின்றது. பஸ் பிடித்துத் தேடி வந்த சங்கமித்ராவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினான்.

“கிரண் அண்ணா கை முன்ன ரொம்ப ஸ்பீடுக்கா, ஃபாலோ பண்ணவே முடியாது. செத்ததுக்கு அப்புறம்தான் நிதானமா பண்றாரு,” என்றான். “நீங்க இத எடுத்துக்கினு போங்க. லெஃப்ட்ட மெதுவா குடுத்தா போதும்.”

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கால் அவள் கைப்பையில் இருந்தது. சந்தாபுராவில் வண்டி நகராமல் நின்றபோது ஜன்னல் வழியே எறிந்துவிடலாம் என்று நினைத்தாள். கிடைக்கவில்லை என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? தேய்ந்தாலும் கொஞ்ச காலம் இருப்பானே! பையைத் திறந்து காலைக் கையில் எடுத்தும்விட்டாள். அது உள்ளங்கையில் கனமாக, சரியாக, வலது காலாக இருந்தது. எறியவில்லை. அழுதாள். பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னடத்தில் என்னவென்று விசாரித்து, பதில் வராததால் ஒரு ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்தாள்.

வீட்டில் விளக்கைப் போட்டு, போனை ஸ்டாண்டில் வைத்து, காலை மேசைமேல் வைத்தாள். கைகள் தடவிப் பார்த்து நின்றுவிட்டன. ஸ்க்ரூவைத் திருக அந்த விரல்களில் பிடிமானம் இல்லை. எனவே அவை பொம்மையை அசையாமல் பிடித்துக்கொள்ள, சங்கமித்ரா தப்புக் காலைக் கழற்றி, சரியான காலைப் பூட்டினாள். நாலு கைகளும் ஒரே சட்டகத்துக்குள் இருந்தன. அந்த மேசையில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான். கால்களை அழுத்தியதும் டக்கென்று உட்கார்ந்தது. கிரேன் லாரி முழுசாக, முகப்பு இடப்பக்கம் பார்க்க நின்றது. வலது கை மேசையில் துழாவி அவள் கையைத் தேடிப் பிடித்தது. அது அவள் விரல்களிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, பார்த்துப் பார்த்து அதன் உறையில் போட்டு மூடியது. அப்புறம் கைகள் இல்லை. சங்கமித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அது சிரிப்பாக இல்லை. சந்திரம்மா வந்து அவள் முதுகில் கை வைத்து நின்றாள்.

அடுத்த ஞாயிறு உத்தமனுக்கு இடது காலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாசியில் வெங்கியிடம் தன் பெயரில் ஒன்று புக் பண்ணினாள், ஒரு சின்ன விமானம், அது வந்து சேர மழைக்காலம் ஆகிவிட்டது. மேசையில் வைத்து விளக்கைப் போட்டு, ஒரு டீ ஆறும் வரைக்கும் பார்த்தாள். யாரும் வரவில்லை. தானே டேப்பைக் கிழித்தாள். வீடியோ ஏறிய அன்று மாலை முதல் கருத்து உத்தமனுடையது. ‘அக்கா, கை மாறிடுச்சு போல. சரி, இடுப்பு டைட்டா லூசா, அத சொல்லவே இல்லியே.’

அவள் விமானத்தை மறுபடி ரோபோவாக்கி, இடுப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதினாள்: ‘அவரு வேலை முடிஞ்சு போயிட்டாரு. இடுப்பு டைட்டாதான் இருக்கு.’ யாரோ அதற்கு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனார்கள்.